அர்க்காடியாவுக்கு ஒரு கண்மலர்

கிரேக்கம் போகிறோம் என்று சொன்னதும் மெல்பேர்னில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "சந்தோரினிக்கா?" என்பதுதான். இல்லை. நீலக் கூரையும் வெள்ளைச் சுவரும் கடற்கரையும் தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். நாங்கள் போனது அர்க்காடியாவுக்கு. கிரேக்கத்தின் தெற்கே, பெலொபொனீஸ் நிலத்தின் நட்ட நடுவில் இருக்கும் மலைநாடு. பழைய அர்க்காடியாவுக்குப் பெரும்பாலும் கடலே கிடையாது. போன செப்டெம்பர் கடைசியில், என் கணவர் குமரனுக்குக் கிடைத்த ஒரு வார விடுமுறையில் போய்வந்தோம். அங்கே போவதற்கு யோசிக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்தவ்ரூலா அன்ரி. மெல்பேர்னின் ஓக்லிப் பகுதியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அர்க்காடியாவில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தவர், இப்போது எழுபத்தெட்டு. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, நாங்கள் வேலை முடிந்து வரும்வரை அன்ரி வீட்டுக் குசினியில் அடுப்போரமாகத்தான் இருந்தாள். அதனால் அவள் இன்றைக்கும் தமிழைவிடக் கிரேக்கத்தில் நன்றாகத் திட்டுவாள்.

மூன்று வருடங்களுக்கு முன் குமரனுக்கு வலது கண்ணின் விழித்திரை கழன்றுவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பார்வை எவ்வளவு திரும்பும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. எனக்குத் தெரிந்த வழியில் போனேன்: பார்வை வந்தால் மெல்பேர்னின் கேரம் டவுன்ஸ் கோயில் அம்பாளுக்குக் கண்மலர், அதாவது கண் வடிவில் செய்த வெள்ளித் தகடு, சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பார்வை வந்தது. சாத்தினேன். இதைப் போன வருடம் வேலியோரம் நின்று அன்ரிக்குச் சொன்னபோது அவர் உள்ளே போய், கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்து வந்தார். பிரித்தால் ஒரு வெள்ளித் தகடு. அதில் இரண்டு கண்கள்.

கிரேக்கர்கள் அதைத் "தாமா" என்கிறார்கள். கால் சுகமானால் கால், கை சுகமானால் கை, பிள்ளை பிறந்தால் பிள்ளை உருவம். எல்லாம் எங்கள் ஊர்க் கோயில்களில் போடுகிற அதே உருவங்கள்தான். குமரனின் கண்ணுக்காகத் தன் ஊர்ப் பனகியாவுக்கு, அதாவது மாதாவுக்கு, அன்ரியும் எங்களிடம் சொல்லாமல் நேர்ந்திருக்கிறார். ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு மற்றவள் செய்தது தெரியாமல்.

"ஒரே கண்ணுக்கு ரெண்டு பில்லா?" என்றார் குமரன். அவர் மதுரைக்காரர், கடவுளோடு அவருக்குப் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. "ஆப்பரேஷன் பண்ணின டாக்டருக்கு ஒரு தகடும் கிடையாதா?"

அன்ரி சிரித்தார். ஆனால் அவரால் அந்தத் தகட்டைக் கொண்டுபோக முடியவில்லை. இதய வால்வு பழுதாகிவிட்டது. அறுவை செய்யாமல் விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அறுவைக்கும் அவர் சம்மதிக்கவில்லை. மகள் மரியா கேட்டால் "பார்ப்போம்", நான் கேட்டால் "எழுபத்தெட்டு காணும்", இதுவரை வாழ்ந்தது போதும் என்பது போல. (அன்ரி பேசுவது ஐம்பது வருட ஓக்லி ஆங்கிலம். அது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன்.) கடைசியில் ஒருநாள் தகட்டைக் குமரனின் கையில் வைத்து, "நீயே கொண்டுபோய் மாதாவின்ர படத்துக்குக் கீழ கொழுவு. கண்ணே வந்து கண்ணைக் குடுத்தால் பனகியாவுக்கும் சந்தேகம் வராது" என்றார்.

மறுக்க முடியுமா? நேர்த்திக்கடனைக் கிடப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒருவரையும் எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை. மறுநாளே டிக்கெட் பார்த்தேன்.

மெல்பேர்னிலிருந்து ஏதென்ஸுக்கு ஓர் இடத்தில் விமானம் மாறி, காத்திருப்பும் சேர்த்து ஏறக்குறைய இருபத்துமூன்று மணி நேரம். ஆளுக்கு 2,140 டொலர். வியாழக்கிழமை ஏதென்ஸில் தூங்கி எழுந்து, வெள்ளி காலை ஏழு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நாலு நாளுக்கு 215 யூரோ. ஒட்டோ கியர் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் குமரன் சிக்னல் போடும் ஒவ்வொரு முறையும் கண்ணாடித் துடைப்பான்தான் ஆடியது. வானமோ பளிச்சென்று இருந்தது.

நெடுஞ்சாலை அருமை. கொரிந்த் கால்வாயின் மேல் ஒரு பத்து நிமிடம் நிற்கலாம். பாறையைக் கத்தியால் வெட்டி எடுத்தது போன்ற நேர்கோடு, அடியில் நீலத் தண்ணீர். அதைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். ஏதென்ஸிலிருந்து அர்க்காடியாவின் தலைநகரான திரிப்போலிக்கு சுமார் 160 கிலோமீட்டர். வழியில் அடிக்கடி சுங்கச்சாவடி வரும். மொத்தம் பன்னிரண்டு யூரோவுக்குக் கொஞ்சம் கூட ஆனது. சில்லறை வைத்திருங்கள்.

ஐரோப்பிய ஓவியங்களில் அர்க்காடியா என்றால் சொர்க்கம். பசும்புல், ஓடை, மரத்தடியில் குழல் ஊதும் இடையன். ஆட்டுக்கால் கொண்ட பான் தெய்வத்தின் சொந்த நாடு இதுதான் என்பது பழங்கதை. அந்த ஓவியங்களை வரைந்தவர்களில் எத்தனை பேர் இங்கே வந்து பார்த்தார்களோ தெரியாது. நாங்கள் கண்டது சாம்பல் நிறப் பாறை, கறுத்த ஃபர் மரக்காடு, குளிர்காலத்தில் பனி மூடும் கல்வீடுகள். இடையர்கள் உண்டு. ஒருவர் பிக்-அப் வண்டியிலிருந்து போனில் பேசியபடியே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். குழலுக்குப் பதில் ஹோர்ன். ஆனால் ஆட்டு மணிச் சத்தம் மட்டும் ஓவியத்தில் கேட்காத அளவுக்கு அழகு.

திரிப்போலியிலிருந்து 35 கிலோமீட்டரில் மெகலோபோலி. "பெரிய நகரம்" என்று பொருள். இப்போது சின்ன டவுன். ஸ்பார்ட்டாவின் தொல்லை தாங்காமல், கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில், அர்க்காடிய ஊர்கள் பல ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று கட்டிக்கொண்ட தலைநகரம். இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள், கிரேக்கத்திலேயே பெரியது என்கிறார்கள். இன்றைக்கு இந்த டவுன் முழுவதும் வந்து உட்கார்ந்தாலும் முக்கால்வாசி காலியாக இருக்கும். புல் முளைத்த மலைச்சரிவில் கீழ் வரிசைக் கற்கள் மட்டும் தெரிகின்றன. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து மரங்களுக்கு மேலே அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரிந்தன.

குமரன் அரங்கத்தைப் பார்க்கவே இல்லை. மெல்பேர்னுக்குக் கிழக்கே லட்ரோப் பள்ளத்தாக்கில் பதினோரு வருடம் பழுப்பு நிலக்கரி மின்நிலையத்தில் வேலை செய்தவர். "சுகந்தி, இங்கயும் பழுப்பு நிலக்கரிதான். அதே ஈரக் கரி, அதே சாம்பல். இங்கயும் மூடிக்கிட்டு வர்றாங்க" என்றார். அங்கே நிலையம் மூடியபோது அவரோடு வேலை செய்தவர்கள் சிதறிப்போனார்கள். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் காலியான அரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்போது காலியாகும் கோபுரங்களை வெகுநேரம் பார்த்தார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து அல்பியோஸ் ஆற்றின் ஓரமாகப் பாதை போகிறது. இந்த ஆறு சில இடங்களில் பூமிக்குள் போய் வேறிடத்தில் வெளியே வரும். கடலுக்கு அடியிலும் ஓடி இத்தாலியின் ஒரு தீவில் தலைகாட்டுகிறது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். பிறகு கரிதைனா: குன்றின் உச்சியில் கோட்டை, கீழே பழைய கல்பாலம். அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அன்ரியின் ஊர். பெயரைப் போடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஊரில் முழுநேரம் இருப்பவர்கள் முப்பது பேர் இருக்கலாம். இரண்டு அறை வாடகைக்குக் கொடுக்கும் ஒரே வீட்டில் தங்கினோம், இரவுக்கு 55 யூரோ, காலையில் தயிரும் தேனும் சேர்த்து.

தேவாலயத்தின் திறப்பு, அதாவது சாவி, யோர்ஜியா என்ற பெண்மணியிடம் இருந்தது. அன்ரியின் வயதுதான், தலை முதல் கால்வரை கறுப்பு உடுப்பு. ஸ்தவ்ரூலாவின் பெயரைச் சொன்னதும் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். அவரும் மெல்பேர்னில் இருந்தவராம். அன்ரியோடு ஒரே கப்பலில் வந்து, பிரன்ஸ்விக்கில் எட்டு வருடம் தையல் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். எனவே அன்ரியுடையது போலவே ஆங்கிலம், மொழிக் கஷ்டம் இல்லை. என் முழங்கை நீளத்தில் ஒரு இரும்புத் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தேவாலயத்துக்கு ஏறும் படிகள் உடைந்து கிடந்தன.

உள்ளே மெழுகும் சாம்பிராணியும் மணத்தன. எதிரே மரத்தடுப்பு, அது நிறையப் புனிதர்களின் படங்கள். தடுப்பின் நடுவில் கதவு, இரண்டு ஓரங்களிலும் திரைச்சீலை போட்ட வாசல்கள். பனகியாவின் படம் புகையில் கறுத்துப்போய், முகம் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் கீழே ஒரு கம்பியில் வெள்ளிக் கால்கள், கைகள், குழந்தைகள், இதயங்கள். எத்தனை பேருடைய பயம் அங்கே தொங்கியது! மெழுகுதிரி ஏற்றினேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். குமரனின் கண்ணுக்கும், அன்ரியின் இதயத்துக்கும்.

பிறகு என்ன செய்தேன் என்பதை எனக்கே நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து கும்பிட்டு முடிந்தால் சுவாமியைச் சுற்றி வருவதுதான் பழக்கம். அதற்கு யோசிக்க வேண்டியதில்லை, கால் தானாகப் போகும். இடதுபக்கம் நடந்தேன். திரைச்சீலை வந்தது, விலக்கினேன். உள்ளே சிவப்புத் துணி விரித்த ஒரு மேசை, மேலே தங்க அட்டைப் புத்தகம். மேசைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போக இடம் இருந்தது. கை கூப்பியபடி அதைச் சுற்றி, மறுபக்கத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

யோர்ஜியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கை எடுத்ததும் கிரேக்கம் கொட்டியது. மகளிடம் கேட்டுப் பழகிய சில சொற்கள் எனக்குப் புரிந்தன, இங்கே எழுத முடியாது. அந்தத் தடுப்புக்குப் பின்னால் பாதிரியாரைத் தவிர வேறு யாரும் போகக்கூடாதாம், அதிலும் பெண்கள் போகவே கூடாதாம். எங்கள் கர்ப்பக்கிருகத்துக்குள் ஒருவர் செருப்போடு நுழைந்து சுற்றிவிட்டு வந்தால் ஐயர் என்ன பாடு படுவார்? அந்தப் பாடு.

"தெரியாமல் உள்ள போயிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கெஞ்சினேன். குமரன் தகட்டை நீட்டியபடி நின்றார்.

"இண்டைக்கு ஒண்டும் கொழுவ ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பாதர் வருவார். அவர் சொல்லட்டும்" என்று எங்களை வெளியே தள்ளி, அந்தப் பெரிய திறப்பால் பூட்டினார்.

எங்களுக்குத் திங்கள் இரவு ஏதென்ஸில் விமானம். ஞாயிறு விட்டால் கடைசி வாய்ப்பும் போய்விடும். இருபத்துமூன்று மணி நேரம் பறந்து வந்து, கையில் இருந்த ஒரே ஒரு வேலையையும் என் கால் கெடுத்துவிட்டதே என்று எனக்கு அழுகையே வந்தது. அன்ரியிடம் என்ன சொல்வேன்? ஊரின் ஒரே கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தோம். பக்கத்து மேசைக்காரர் என்னைச் சுட்டிக் கடைக்காரரிடம் ஏதோ கேட்டார், கடைக்காரர் தலையாட்டினார். செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆனால் எழும்பிக் காசு கொடுக்கப் போனபோது, அந்தப் பக்கத்து மேசைக்காரர் எங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அர்க்காடியர்கள் கோபித்தாலும் விருந்தாளியைக் காசு கொடுக்க விடமாட்டார்கள்.

சனிக்கிழமையைச் சும்மா கழிக்க முடியாது. லிக்கயோன் மலைக்குப் போனோம். 1,400 மீட்டருக்கு மேல் உயரம். வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைச் சாலை கிட்டத்தட்ட உச்சிவரை போகிறது, கடைசிக் கொஞ்சம் மட்டும் நடை. நுழைவுக் கட்டணம் இல்லை, கடையும் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கிரேக்கத் தெய்வங்களின் தலைவன் சியூஸ் பிறந்தது இங்கேதான் என்பது அர்க்காடியர்களின் வாதம், கிரீட் தீவுக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உச்சியில் கோயில் கிடையாது. நூற்றாண்டுகளாகப் பலியிட்டு எரித்த சாம்பலே மேடாகிப்போன பலிபீடம். கொஞ்சம் கீழே, மலைமேலேயே, குதிரைப் பந்தயத் திடல். ஒலிம்பியாவைப் போலவே இங்கேயும் விளையாட்டுகள் நடந்தன. வானம் தெளிந்திருந்ததால் மேற்கே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது.

அங்கே ஒரு பழங்கதை. சியூஸுக்குரிய ஓர் எல்லைக்குள் மனிதர்கள் நுழையக் கூடாது. நுழைந்தவருக்கு நிழல் விழாது, ஒரு வருடத்துக்குள் ஆளும் இருக்கமாட்டார். இதைக் கைபேசியில் வாசித்துச் சொன்னது குமரன்தான்.

"இங்க வா, வெயில்ல நில்லு. உனக்கு நிழல் இருக்கான்னு பாக்கணும்."

"உங்களுக்குப் பகிடி. நான் நித்திரையே கொள்ளேல்ல."

"நீ வேணும்னேவா உள்ள போன? கும்பிடத்தானே போன. அந்த மாதாவுக்கும் அது தெரியும், பாரு" என்றார். சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் சொன்ன ஆறுதல் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

பிற்பகல் பாசே. லிக்கயோனிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது மாவட்டம் வேறு, ஆனால் பழைய அர்க்காடியாவின் மிகச் சிறந்த கட்டடம் இதுதான். கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றிய அப்பொல்லோ தெய்வத்துக்கு நன்றியாக, மனித நடமாட்டமே இல்லாத 1,130 மீட்டர் உயரத்தில் கட்டிய கோயில். அதாவது இதுவும் ஒரு நேர்த்திக்கடன்தான், எங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய தகடு. வழக்கமான கிரேக்கக் கோயில்கள் கிழக்கு பார்க்கும், இது வடக்கு பார்க்கிறது. உள்ளே ஓடிய சிற்ப வரிசை இப்போது லண்டனில் இருக்கிறது. காற்றும் பனியும் கல்லைத் தின்னாமல் இருக்க முழுக் கோயிலையும் ஒரு பிரமாண்டமான வெள்ளைக் கூடாரத்தால் மூடி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அறுவை முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்த குமரனின் ஞாபகம் வந்தது. உள்ளே வெளிச்சம் பால் போல இருந்தது. கோயிலைச் சுற்றி நடக்க வழி இருந்ததால், காவலாளியிடம் கேட்டுவிட்டு, மூன்று முறை சுற்றினேன். அப்பொல்லோ ஆட்சேபிக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே தேவாலயத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டோம். நாற்பது வயதுப் பாதிரியார், ஐந்து ஊர்களுக்கு ஒருவர், தானே பிக்-அப் ஓட்டிக்கொண்டு வந்தார். பூசைக்கு எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர். முடிந்ததும் யோர்ஜியா அவரிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் உள்ளே போனாய் என்று யோர்ஜியா வழியாகப் பாதிரியார் கேட்டார்.

"எங்கட கோயில்ல கும்பிட்டால் சுத்தி வாறதுதான் மரியாதை. சுத்தாமல் போனால் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கயே எழும்பிப் போற மாதிரி. அவமதிக்கிறதுக்காகப் போகேல்ல" என்றேன்.

பாதிரியார் என் தலையில் கை வைத்து ஏதோ செபித்தார். பிறகு யோர்ஜியாவிடம் ஒரு வசனம் சொன்னார். "நாங்களும் சுத்திறனாங்கள்தானே, ஆனால் வெளியால. அவவைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு தகட்டைக் கொழுவலாம் எண்டு சொல்லுறார்" என்றார் யோர்ஜியா. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

வாசலில் இன்னொரு சிக்கல். தேவாலயத்தைப் பார்த்து நின்றதும் என் கால் இடதுபக்கம் திரும்பியது, அவர் வலதுபக்கம் இழுத்தார். அவர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது அப்படித்தானாம். எங்களுக்கு அது நேரெதிர். அப்படிச் சுற்றுவது ஆகாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு நொடி தயங்கினேன். ஒரு தடவை என் கால் சொன்னதைக் கேட்டதற்கு இரண்டு நாள் பட்டுவிட்டேன், போதும். அவர் இழுத்த பக்கம் நடந்தேன்.

இரண்டாம் சுற்றில் யோர்ஜியா பேசத் தொடங்கினார். "ஸ்தவ்ரூலாவும் நானும் ஒரு தையல் மெசினுக்காகச் சண்டை பிடிச்சு, ஐம்பது வருசம் கதைக்கேல்ல. இந்த ஈஸ்டருக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டவ. பேந்து, தகப்பன் வைச்ச அக்ரோட் மரத்தில தன்ர பங்கை மருமகனுக்கு எழுதிக் குடுத்திட்டா. இப்ப இந்தக் கண். அதாலதான் வெள்ளிக்கிழமை எனக்கு அவ்வளவு கோவம் வந்தது. உன்னில இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ பெட்டி கட்டிறா, விளங்குதா? குடுக்கிறதெல்லாம் குடுத்து முடிச்சிட்டுப் போகப் போறா."

"எழுபத்தெட்டு காணும்" என்றதும், தகட்டைக் குமரனின் கையில் வைத்ததும், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மிச்சம் இருந்த கடைசிக் கடனைத் தீர்க்கத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார். நாங்கள் தகட்டை மாட்டிவிட்டால், அறுவை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு தடையும் இருக்காது. மூன்றாம் சுற்று முடிந்து உள்ளே ஓடினேன். குமரன் தகட்டோடு கம்பிக்குக் கிட்டே நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ. கொழுவாதேங்கோ."

"ரெண்டு நாளா இதுக்குத்தானே காத்திருக்கோம்!"

காதில் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த இரண்டு வெள்ளிக் கண்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு தகட்டை மாட்டினார். ஆனால் அவர் நகரவில்லை. ஒருநாளும் கோயிலில் கை கூப்பாத மனிதர் கை கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி மதுரைத் தமிழில் பனகியாவிடம் பேசினார்.

"தாயே, கண்ணுக்கு நன்றி. இப்ப இன்னொண்ணு. எங்க பக்கத்து வீட்டு ஸ்தவ்ரூலாம்மா ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டு நல்லபடியா எந்திரிச்சா, அவங்களே நேர்ல வந்து ஒரு வெள்ளி இதயத்தை இங்க மாட்டுவாங்க. கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

"என்ன சொன்னவர்?" என்றார் யோர்ஜியா. சொன்னேன். அவர் அதைக் கிரேக்கத்தில் உரக்கச் சொன்னார். அங்கே இருந்த அத்தனை பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்படியென்றால் வெளியே அந்தப் படிகளைத் திருத்த வேண்டும் என்றாராம் பாதிரியார்.

ஒருவருக்காக இன்னொருவர் நேர்ந்தால் அது செல்லுமா என்று தமிழர்கள் யாரும் கேட்கமாட்டீர்கள். மொட்டை போடுவதாகப் பெற்றவர்கள் நேர்ந்துகொள்கிறார்கள், தலை பிள்ளையுடையது. பிள்ளையை யார் கேட்டார்கள்? அன்ரி எங்களுக்குச் செய்ததைத்தான் நாங்கள் அவருக்குச் செய்தோம்.

புதன்கிழமை ஓக்லிக்கு வந்து இறங்கும்போது அன்ரி எங்கள் கேற்றிலேயே நின்றார். யோர்ஜியாவின் போன் எங்களை முந்திவிட்டது.

"ஆரைக் கேட்டு என்னைப் பனகியாவுக்குக் கடன்காரி ஆக்கினீங்கள்?"

"நீங்க யாரைக் கேட்டு என் கண்ணுக்கு நேர்ந்தீங்க?" என்று குமரன் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்.

அன்ரி திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு நாள் வேலிப் பக்கமே வரவில்லை. அவர் கோபித்ததைவிட, நாங்கள் எல்லை மீறிவிட்டோமோ என்ற பயம்தான் என்னை வாட்டியது. ஐந்தாம் நாள் மகள் மரியா எனக்குப் போன் எடுத்தாள். அம்மா தானாகவே மருத்துவரிடம் தேதி கேட்டிருக்கிறாராம். "நீங்கள் அங்க என்ன செய்தனீங்கள்?" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டெம்பர் கடைசியும் மே மாதமும் நல்ல காலம். மலையில் இரவு குளிரும், ஜக்கெற் வேண்டும். கார் இல்லாமல் அர்க்காடியா பார்க்க முடியாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் போதாது, நாங்கள் லூசியோஸ் பள்ளத்தாக்கில் பாறையோடு ஒட்டிக் கட்டிய மடங்களைப் பார்க்கவே இல்லை. மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அவரையும் கீரையும் பாற்கட்டியும் எங்கேயும் உண்டு, இருவருக்கு இருபத்தைந்து யூரோவுக்குள் முடியும். மலைத் தேயிலையும் காய்ந்த மூலிகையும் வாங்கினால் மெல்பேர்ன் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, தேவாலயத்துக்குள் போனால் கும்பிட்ட இடத்திலேயே நில்லுங்கள். சுற்ற வேண்டும் என்று கால் துடித்தால் வெளியே வந்து சுற்றுங்கள், அவர்கள் சுற்றும் பக்கமாக.

அன்ரிக்கு வரும் வியாழக்கிழமை அறுவை. நேற்று அவர் குசினிக்குப் போனேன். நாட்காட்டி மாட்டிய ஆணியில் ஒரு வெள்ளி இதயம் தொங்கியது. ஓக்லியிலேயே வாங்கிவிட்டாராம். நேர்த்தி பலித்த பிறகுதானே வாங்க வேண்டும், ஏன் அவசரம் என்று கேட்டேன்.

"நீங்கள் வாங்கினால் தகரத்தில வாங்குவீங்கள்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையில் மெல்ல உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"எனக்கு ஜன்னல் சீற் வேணும். குமரனிட்ட இப்பவே சொல்லி வை."